வலி வாங்குபவனின் பூஜ்யம்

வலி வாங்குவது என் வேலை. அடையாள அட்டையில் 'வாங்குநர்' என்று போட்டிருக்கும். ஈரோடு விபத்துக் கோரிக்கை மன்றத்தின் பட்டியலில் என்னைப் போல் ஆறு பேர். அதிகம் அழைக்கப்படுபவன் நான்.

முறை எளிது. ஒருவர் இன்னொருவருடைய கடையிலோ மண்டபத்திலோ மாடிப்படியிலோ விழுகிறார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்கு முன், அடிபடாத கையில் ஒரு பட்டையைச் சுற்றுகிறார்கள். நரம்புகளில் ஓடுவதை அது பதிந்துகொள்கிறது. வழக்கு மன்றத்துக்கு வரும்போது அந்தப் பதிவை என் கையில் சுற்றிய பட்டை வழியாக எனக்குள் ஓட்டுகிறார்கள். என் உடம்பு எவ்வளவு பதறுகிறதோ அதுதான் எண். பூஜ்யத்திலிருந்து நூறு வரை.

விழுந்தவர் கூட்டிச் சொல்வார். இடத்துக்காரர் குறைத்துச் சொல்வார். மூன்றாவது ஆளின் உடம்புக்கு அந்த இரண்டுமே தேவையில்லை. சட்டம் எழுதியவர்கள் இப்படித்தான் யோசித்தார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். வாயை விட மீட்டர் முள்ளை நம்புகிறவன்.

எண் நாற்பதுக்குக் கீழே வந்தால் 'சிறு காயம்'. அதுவரை ஆன மருந்துச் செலவோடு முடிந்தது. நாற்பதைத் தொட்டால் மேல் சிகிச்சையும் தொழில் இழப்பும் இடத்துக்காரருடைய பொறுப்பு. இன்சூரன்ஸ்காரர்களுக்கு அந்த நாற்பதுதான் லட்சுமணன் கோடு.

என் எண்கள் எப்போதும் சிறியவை. நான் நடிப்பதில்லை. பல்லைக் கடிப்பதில்லை. பட்டை நரம்பைக் கேட்கிறது, முகத்தை அல்ல. மண்டபங்களுக்கும் கடைகளுக்கும் இன்சூரன்ஸ் கொடுக்கும் கம்பெனி ஒன்றின் அதிகாரி தண்டபாணி என்னைப் 'பாறை' என்பார். எந்த வழக்கானாலும் என் பெயரைத்தான் கேட்பார். விழுந்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள். என்னைப் பார்த்தால் நேர்மையான ஆள் போலத் தெரியும். நேர்மையான ஆள்தான்.

மனைவி அகிலா இறந்த பிறகுதான் இந்த வேலைக்கு வந்தேன். காய்ச்சல். ஒரு வாரம்கூட இல்லை. அதற்குப் பிறகு எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. பசி தெரியவில்லை. வெயில் தெரியவில்லை. ஒரு தடவை குக்கர் ஆவியில் கை வெந்தது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அழவில்லை. சொந்தக்காரர்கள் அதைத் தைரியம் என்றார்கள். நான் தகுதி என்று எடுத்துக்கொண்டேன்.

வீடு வீரப்பன்சத்திரத்தில், தறிகள் ஓடும் தெருவில். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கேயே இருக்கிறவர்களுக்குச் சத்தம் கேட்காது. கரண்ட் போய்த் தறி நின்றால்தான் அது இருந்ததே தெரியும்.

தாமரைச்செல்வியின் வழக்கு ஆடி மாதத்தில் வந்தது.

கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுகிறவர். முப்பத்தைந்து வயதிருக்கும். பெருந்துறை ரோட்டில் கொடிமுல்லை மகால் என்ற மண்டபத்தின் வாசலில் விழுந்து வலது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. ஒரு ஆபரேஷன் ஆகியும் எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. இன்னொன்று செய்தால்தான் பிரஷ் பிடிக்கலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆபரேஷனுக்குத்தான் கோரிக்கை.

"கண்ணுக்கு மை இழுக்கறப்ப கோடு நிக்க மாட்டேங்குதுங்க," என்றார் அவர், மன்றத் தலைவரிடம். "பொண்ணு கண்ணு மூடிட்டு என்னை நம்பி ஒக்காந்திருக்குது. எங்கை நடுங்குது. மூணு கண்ணாலத்த விட்டுட்டேனுங்க."

தலைவர் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. மெதுவாகப் பேசுவார், சீக்கிரம் முடிப்பார். "எப்படி விழுந்தீங்க, அதைச் சொல்லுங்க."

"முகூர்த்தம் முடிஞ்சு ரிசப்சனுக்கு மாத்தறதுக்குப் பெட்டியத் தூக்கிட்டு வந்தேனுங்க. அப்பத்தான் மாப்பிள்ளை பொண்ணுக்கு ஆரத்தி சுத்திட்டு, தண்ணிய வாசப்படி முன்னால ஊத்திட்டுப் போயிருந்தாங்க. செக்கச்செவேல்னு படி பூராம் கிடந்துது. அதை மிதிக்கக் கூடாதுன்னு பக்கத்துல சரிவா இருக்குமே, வண்டி தள்ளறதுக்கு, அதுல கால வெச்சேன். அவ்வளவுதாங்க."

தண்டபாணி எழுந்தார். வக்கீல் வைக்க மாட்டார், தானே பேசுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

"அய்யா, ஆரத்தித் தண்ணிய ஊத்துனது கண்ணால வீட்டுக்காரங்க. மண்டபம் ஊத்தல. சரி, அந்தத் தண்ணியிலயாவது அக்கா வழுக்குனாங்களா? இல்லீங்க. திருஷ்டி ஒட்டிக்கும்னு அவங்களா பயந்து, அவங்களா ஒதுங்கி, அவங்களா விழுந்துட்டாங்க. கண்ணேறுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கிடையாதுங்க. வேணும்னா பாருங்க, மண்டபத்துக் கேமராப் பதிவையே கொண்டாந்திருக்கறேன்."

பதிவு ஓடியது. செல்வி வருகிறார், நிற்கிறார், பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சரிவுப் பக்கம் எட்டு வைக்கிறார், விழுகிறார். பெட்டியை விடவில்லை. அதனால்தான் முழுப் பாரமும் ஒரே கையில் இறங்கியது.

செல்வியின் வக்கீல் ஜமீலா. குட்டையானவர், கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்திருப்பார். "நிறுத்தாதீங்க," என்றார். "ஓடட்டும். இன்னும் கொஞ்சம் பாக்கலாம். சார் பாவம் கஷ்டப்பட்டுக் கொண்டுவந்திருக்காரு."

பதிவு தொடர்ந்து ஓடியது. செல்வியைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பட்டுப்புடவைகள், சட்டை வேட்டிகள், சீர்த்தட்டுகள். எல்லோரும் சிவப்புத் தண்ணீர் வரை வந்து சரிவில் ஏறினார்கள். இரண்டு பேர் தடுமாறிக் கைப்பிடியைத் தேடினார்கள். கைப்பிடி இல்லை. கடைசியில் மண்டபத்து மேனேஜரே வந்தார், சட்டையில் பேட்ஜோடு. அவரும் சரிவில்தான் ஏறினார். சுவரைப் பிடித்துக்கொண்டு.

"ஒருத்தர் மிதிக்கல," என்றார் ஜமீலா. "தண்டபாணி சார், நீங்க மிதிப்பீங்களா?"

"அது வந்துங்க..."

"மிதிப்பீங்களா மாட்டீங்களா?"

"நான் எதுக்குங்க போய் மிதிக்கறேன்?"

"ஐயா, நான் துலுக்கச்சி. எனக்கு அந்தத் தண்ணியப் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா நானும் மிதிக்க மாட்டேன். இந்த ஊர்ல நடந்து பழகின கால் அப்படி. மண்டபம் கட்டுறவருக்கு வாசல்ல ஆரத்தி சுத்துவாங்கன்னு தெரியாதா? சுத்தின தண்ணியை எங்க ஊத்துறதுன்னு ஒரு இடம் விட்டாரா? வர்றவங்க எல்லாம் ஒதுங்குற ஒரே பாதையில கண்ணாடி மாதிரி கிரானைட்டப் போட்டு, கைப்பிடியும் வெக்கலை. அவங்க பயத்துல விழலை, ஐயா. பழக்கத்துல நடந்தாங்க. தரை விழ வெச்சுது."

தலைவரின் மீசை லேசாக அசைந்தது. "மண்டபம் பொறுப்பு," என்றார். "சரி. இப்ப வலி எவ்வளவுன்னு பாத்துரலாம்."

தண்டபாணி கலங்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பாறை இருக்கிறது என்ற தைரியம்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆபரேட்டர் என் இடது கையில் பட்டையைச் சுற்றினார். முதல் ஒரு நிமிடம் எதையும் ஓட்ட மாட்டார்கள். என் உடம்பின் சாதாரண நிலையைப் பதிந்து அதைப் பூஜ்யமாக வைப்பார்கள். அதற்கு மேல் ஏறுவதுதான் எண்.

"மனச சும்மா வெச்சுக்குங்க சார்," என்றார் ஆபரேட்டர். எப்போதும் சொல்வது.

அந்த ஒரு நிமிடம் நான் எதிரே இருக்கும் கதவைப் பார்ப்பேன். எங்கேயாவது பார்க்க வேண்டுமே.

பிறகு பதிவு ஓடியது. வலது மணிக்கட்டில் ஏதோ நொறுங்கியது. விரல் நுனிவரை சூடு ஓடித் திரும்பி வந்தது. குனிந்து பார்த்தேன். என் கை முழுதாக இருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்த மாதிரி இருந்தது. விழுந்தது தெரிந்தது, அவ்வளவுதான்.

திரையில் எண் நின்றது. இருபத்திரண்டு.

தண்டபாணி பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"அது என்னோடது இல்லீங்க," என்றார் செல்வி.

தலைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இல்லீங்க அய்யா. நான் பொய் சொல்லல. அன்னிக்கு ஆம்புலன்சுல என் பேரே மறந்துபோச்சுங்க எனக்கு. வேற யாரோடதையோ மாத்தி ஓட்டியிருக்கறாங்க. இருபத்திரண்டுன்னா அது கால்ல கல்லு குத்துனதுங்க."

ஜமீலா கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "மறுவாங்கல் கேக்கறோம், ஐயா."

சட்டத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. முன்பு ஏதோ ஓர் ஊரில் இரண்டு பேருடைய பதிவுகள் மாறிப்போனதால் சேர்த்தார்கள். வாங்குநரின் உடம்பிலிருந்து பதிந்ததை விழுந்தவரே வாங்கிப் பார்த்து, 'இது என் வலிதான்' என்று சொல்லலாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. தன் வலியை இரண்டாம் தடவை யார் கேட்பார்கள்?

"அக்கா, கடையில வாங்குன துணியத்தான் மாத்தித் தருவாங்க," என்றார் தண்டபாணி. "வலியுமா? வேண்டாங்க, சொன்னாக் கேளுங்க. திரும்பவும் துடிச்சுப்போயிருவீங்க."

"துடிச்சா அது என்னோடதுன்னு தெரிஞ்சுரும்ல," என்றார் செல்வி. எழுந்து வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்திருக்கும்.

ஆபரேட்டர் அவருடைய இடது கையில் பட்டையைச் சுற்றினார். அவருடைய பூஜ்யத்தை வைத்தார். பிறகு என் உடம்பிலிருந்து பதிந்ததைத் தொடக்கத்திலிருந்து ஓட்டினார். தொடக்கம் என்றால், முதல் நிமிடம் சேர்த்து. ஒன்றுமில்லாத அந்த நிமிடம்.

செல்வி முதலில் மூச்சை இழுத்துப் பிடித்தார். பிறகு விட்டார். விட்டது போதாத மாதிரி இன்னொரு தடவை விட்டார். கத்தவில்லை. சாய்ந்து உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு எதிரே இருந்த கதவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

திரையில் எண் ஏறியது. முப்பது. நாற்பத்தைந்து. ஐம்பத்தெட்டு. அறுபத்தொன்றில் நின்றது. இறங்கவில்லை.

"சார்," என்றார் ஆபரேட்டர் தலைவரிடம். குரல் மாறியிருந்தது. "இன்னும் கை ஆரம்பிக்கவே இல்லீங்க சார். இது பூஜ்யம்."

"நிறுத்துங்க," என்றார் செல்வி.

நிறுத்தினார்கள்.

"என்னம்மா, கையா?" என்றார் தலைவர்.

"கை இல்லீங்க."

"பின்ன எங்க வலிச்சுது?"

"எங்கயும் இல்லீங்க." செல்வி தன் மேலே எங்கேயோ தொட்டுக் காட்டக் கையைத் தூக்கி, தொட இடம் கிடைக்காமல் இறக்கினார். "எடமே இல்லீங்க அதுக்கு."

தண்டபாணி என் பக்கம் குனிந்தார். வாயில் பாக்கு வாசனை. "மெசின் கோளாறுன்னு சொல்லிருங்க தம்பி. நீங்க படிச்சவரு, சொன்னா அய்யா எடுத்துக்குவாரு. அதோட விட்டுரலாம்."

மெஷின் கோளாறு என்றால் பதிவே செல்லாது. பதிவு செல்லாவிட்டால் கோரிக்கை செல்லாது. செல்வி புதிதாகப் பதிவெடுக்க வேண்டும். அதற்குக் கையை மறுபடி உடைத்துக்கொள்ள வேண்டும். தண்டபாணிக்கு இது தெரியும். எனக்கும் தெரியும்.

"தம்பி, உங்க வேலையையும் யோசிச்சுக்குங்க," என்றார்.

யோசிக்க ஒன்றுமில்லை. திரையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். இந்த மாதிரி ஒன்றைப் பார்த்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கல்லூரி முதல் வருடத்திலேயே படித்திருக்கிறேன்.

"அய்யா, நான் சொல்லட்டுங்களா?"

"சொல்லுங்க, பரணிதரன்."

"மெசின் சரியா இருக்குதுங்க. பதிவும் இவங்களோடதுதான். பூஜ்யம்தான் தப்புங்க. அது என்னோடது."

"புரியற மாதிரி சொல்லுங்க."

"தறி ஓடற குடோனுக்குள்ள நின்னுட்டு ஒருத்தர் கூப்பிடறாருன்னு வெச்சுக்குங்க. பக்கத்துல நிக்கறவனுக்குக் கேக்காது. அவரு மெதுவாக் கூப்பிட்டாருன்னு அர்த்தம் இல்லீங்க. தறிச்சத்தம் பெருசு. இவங்க கத்துனது எனக்குள்ள இருபத்திரண்டுதான் கேட்டுது."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குள்ள தறி ஓடறது உங்களுக்குத் தெரியாதா?"

"நின்னுபோச்சுன்னு நினைச்சிருந்தேனுங்க."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என் எண்ணை ரத்து செய்தார். பட்டியலில் அடுத்தவரைக் கூப்பிட்டு மறுபடி வாங்கச் சொன்னார். தண்டபாணி ஆட்சேபித்தார். "எங்க கம்பெனி இவரைத்தானுங்க ஒத்துக்கிச்சு."

"ஒத்துக்கிட்டீங்க. சரியான ஆளப் பாத்துத்தான் ஒத்துக்கிட்டிருக்கீங்க, இத்தனை நாளா," என்றார் ஜமீலா.

தண்டபாணி பேனாவை எடுத்தார். திறக்காமல் மறுபடி செருகினார். அவருக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். நன்றாக ஓடும் இயந்திரத்தை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அடுத்த வாரம் கோபியிலிருந்து ஒரு பெண் வந்தார். பட்டியலுக்குப் புதியவர். வீட்டில் எல்லோரும் சுகம் என்று பார்த்தாலே தெரிந்தது. நாற்காலியில் உட்காரும்போதே புன்னகைத்தார். பதிவு ஓடியதும் "அம்மா" என்று அலறி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அறுபத்து நான்கு. நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு மனிதக் கை உடைந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆபரேஷன் செலவும் அதுவரையிலான தொழில் இழப்பும் மண்டபம் தர வேண்டும் என்று உத்தரவானது. கூடவே, சரிவில் சொரசொரப்பான கல் பதிக்க வேண்டும், வாசலில் ஆரத்தித் தண்ணீர் ஊற்ற ஒரு தொட்டி வைக்க வேண்டும் என்றும். தொட்டி என்று வாசித்தபோது தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே நான் ஒரு மனு கொடுத்திருந்தேன். என் எண்ணை வைத்து முடித்த வழக்குகள் அனைத்தையும் திறந்து, வேறு ஆளை வைத்து வாங்க வேண்டும். தலைவர் வாசித்துவிட்டு, "நிறைய வேலை வெக்கறீங்க," என்றார். கையெழுத்துப் போட்டார். மறு அளவு எடுப்பவர்களுக்குத் தொழில்நுட்ப உதவி என்று எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பட்டை இல்லாத நாற்காலி. அந்த வேலையை நான் நன்றாகச் செய்வேன். பூஜ்யம் தப்பானால் என்ன ஆகும் என்று என்னைவிடத் தெரிந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

உத்தரவு வந்த அன்று மன்றத்து வாசல் வேப்பமரத்தடியில் செல்வி நின்றிருந்தார். பஸ்ஸுக்காக என்று நினைத்தேன். எனக்காக.

"ஏனுங்க தம்பி, ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்கக்கா."

"உங்குளுக்கு எங்கீங்க அடிபட்டுது?"

"அடி இல்லீங்க. வீட்டுக்காரி போயிட்டா. ரெண்டாம் வருசம் நடக்குது."

எல்லோரும் உடனே ஏதாவது சொல்வார்கள். விதி என்பார்கள், சின்ன வயசு என்பார்கள், இன்னொரு கல்யாணம் என்பார்கள். அவர் சொல்லவில்லை. ஒரு பஸ் வந்தது. ஏறாமல் போகவிட்டார்.

"கை எனக்குப் பத்து மாசமா வலிக்குது," என்றார். "ஆனா தூங்குனா கொஞ்சம் மறக்கும். உங்க அந்த ஒரு நிமிசத்துல மறக்கறதுக்கு வழியே இல்லீங்க. எப்படிங்க அதை வெச்சுட்டு ஒக்காந்திருக்கறீங்க?"

"எனக்குத் தெரியலைங்க. நிஜமாவே தெரியல."

"ம்." கோணலாகக் கூடிய கையை மறுகையால் தாங்கிக்கொண்டார். "அவங்க பேரு என்னங்க?"

"அகிலா."

"அகிலா," என்றார், பார்வை மன்றத்துக் கதவுப் பக்கம் போயிற்று. "பட்டையக் கட்டுன உடனே நான் கதவையே பாத்துட்டு இருந்தேனுங்க. எதுக்குப் பாக்கறோம்னு எனக்கே தெரியல. யாரோ வரோணும், இன்னும் வரலையே, வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும்னு இருந்துது. வீட்டுக்குப் போயும் ரெண்டு நாளு யாரா இருக்கும் யாரா இருக்கும்னு யோசிச்சேன்."

அடுத்த பஸ் வந்து நின்றது. இந்தத் தடவை ஏறினார். நல்ல கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"அவங்களத்தான் பாத்துட்டு இருந்திருக்கறேன், தம்பி. இப்பத்தான் பேரு தெரியுது."

பஸ் போய்விட்டது. நான் வீட்டுக்கு நடந்தேன். எங்கள் தெரு முனை திரும்பும்போது காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது.